சிங்கோனா

சிங்கோனா என்பது காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த, என்றும் பசுமையான மரங்களையும் குறுமரங்களையும் கொண்ட ஒரு தாவரப் பேரினம் ஆகும். தென் அமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடரின் ஈரமான மலைக்காடுகளே இதன் தாயகம். தமிழில் இது கொயினா மரம் என்றும் வழங்கப்படுகின்றது. இம்மரத்தின் பட்டையில் இருந்து பெறப்படும் குயினைன் (கொயினா) என்னும் அல்கலாய்டு, மலேரியாக் காய்ச்சலுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் உலகில் இருந்த ஒரே நம்பத்தக்க மருந்தின் செயற்படுபொருள் ஆகும். குயினைன் தவிர குயினிடைன், சிங்கோனைன், சிங்கோனிடைன் ஆகிய அல்கலாய்டுகளும் பட்டையில் உள்ளன.

சிங்கோனாப் பட்டையின் மருத்துவ வரலாறு பெரும்பாலும் அளவைப் பற்றிய வரலாறு ஆகும். பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு பட்டைகளுள் ஒன்றில் நோயைத் தீர்க்கப் போதிய குயினைன் இருக்கலாம். மற்றொன்றில் ஏறக்குறைய ஒன்றும் இல்லாமலும் போகலாம். குறைந்தால் நோயாளி இறப்பதும், மிகுந்தால் மருந்தே நஞ்சாவதும் இம்மரத்துடன் பிரிக்க இயலாதவாறு இணைந்துள்ளன.

பெயர்

பெரு நாட்டில் எசுப்பானிய ஆளுநராக 1629 முதல் 1639 வரை இருந்த சின்சோன் பிரபுவின் மனைவி இப்பட்டையால் காய்ச்சல் நீங்கப் பெற்றார் என்றும், அவரே இதனை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றார் என்றும் ஒரு கதை உண்டு. 1663ஆம் ஆண்டு இத்தாலிய மருத்துவர் செபாசுத்தியானோ பாடோ வெளியிட்ட நூலால் இக்கதை பரவியது. சுவீடிய இயற்கையியலாளர் கரோலசு லின்னேயசு 1742இல் இப்பேரினத்துக்குப் பெயரிட்டபோது அச்சீமாட்டியின் பெயரையே கொண்டார். ஆனால் எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து விடுபட்டமையால் 'சின்சோனா' என்றிருக்க வேண்டியது 'சிங்கோனா' என நிலைத்துவிட்டது. கதைக்கு ஆதாரம் இல்லை என்பது 20ஆம் நூற்றாண்டு ஆய்வுகளால் தெளிவாயிற்று.

குயினைன் என்னும் சொல் அந்தீசு மக்களின் கெச்சுவா மொழியில் பட்டையைக் குறிக்கும் 'கினா' என்பதன் வழி வந்தது. 'கினா-கினா' என்னும் பெயர் முதலில் நறும்பிசின் தரும் வேறொரு மரத்தின் பட்டைக்கு வழங்கியது. பின்னரே சிங்கோனாவுக்கு மாறியது. தமிழில் வழங்கும் கொயினா என்னும் சொல்லும் இவ்வழிப்பட்டதே. புத்துலகின் மரமாகையால், சிங்கோனா பழைய சித்த மருத்துவ மரபில் இடம்பெற்ற மூலிகை அன்று.

தாவரவியல் விளக்கம்

சிங்கோனாப் பேரினத்தில் ஏறக்குறைய 25 இனங்கள் உள்ளன. காப்பி, நுணா, வெட்சி ஆகியன இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. மரங்கள் பொதுவாக 5 முதல் 15 மீட்டர் வரை வளரும்; சில இனங்கள் இதனினும் உயரமாக வளர்வதுண்டு. இலைகள் எதிரெதிராக அமைந்தவை, பளபளப்பானவை, முதிர்ந்த இலைகள் சில இனங்களில் சிவப்பு நிறம் பெறுகின்றன. மலர்கள் கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாகத் தோன்றும். குழல் வடிவான இம்மலர்கள் வெள்ளை, இளஞ்சிவப்பு அல்லது ஊதா நிறமும் நறுமணமும் உடையவை. இதழ் விளிம்புகளில் மெல்லிய மயிர்கள் இருப்பது இப்பேரினத்தை எளிதில் அடையாளம் காண உதவும். காய் வெடிகனி வகையைச் சார்ந்தது. அதனுள் சிறகுடைய மிகச் சிறிய விதைகள் பல உள்ளன. இவை காற்றில் பரவுகின்றன.

இப்பேரினத்தில் இருவகை மலர்கள் வெவ்வேறு மரங்களில் தோன்றுகின்றன. ஒரு வகையில் சூல்தண்டு நீண்டும் மகரந்தத்தாள் குறுகியும், மற்றதில் இதற்கு மாறாகவும் அமைந்திருக்கும். இவ்வமைப்பு அயல் மகரந்தச் சேர்க்கைக்கு வழிசெய்வதால் இனங்கள் தம்முள் எளிதில் கலக்கின்றன. ஒரே மரத்தின் விதைகளில் இருந்து முளைத்த கன்றுகளிடையே கூட அல்கலாய்டு அளவு பெரிதும் வேறுபடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

மருத்துவத்தில் முதன்மை பெற்ற இனங்கள் பின்வருமாறு:

- சிங்கோனா அஃபிசினாலிசு: எக்குவடோரின் லோகா பகுதியில் இருந்து முதலில் புகழ்பெற்ற இனம்.
- சிங்கோனா பூபெசென்சு: செம்பட்டை மரம். முன்னர் சக்சிரூப்ரா எனப்பட்டது. உறுதியாக வளரும், மொத்த அல்கலாய்டு மிகுதி, ஆயினும் குயினைன் ஒப்பளவில் குறைவு.
- சிங்கோனா கலிசாயா: மஞ்சள் பட்டை மரம். பொலிவியாவிலும் தென் பெருவிலும் வளர்வது. லெட்ஜெரியானா எனப்படும் மிகு குயினைன் வகை இதனைச் சார்ந்தது.

வேதியியல் கண்டுபிடிப்புக்கு முந்தைய பயன்பாடு

அந்தீசு மலைவாழ் மக்கள் இப்பட்டையைக் குளிர் நடுக்கத்துக்குப் பயன்படுத்தினர் எனக் கருதப்படுகின்றது. உயிருக்கு ஆபத்தான மலேரியா வகை ஐரோப்பியரும் அவர்கள் அடிமைகளாகக் கொணர்ந்த ஆப்பிரிக்கரும் வந்த பின்னரே அமெரிக்கக் கண்டத்தில் பரவியது. நடுக்கத்தைத் தணித்த பட்டையை, நடுக்கத்துடன் வரும் புதிய காய்ச்சலுக்கும் கொடுத்துப் பார்த்ததில் அதன் ஆற்றல் வெளிப்பட்டிருக்கலாம். குயினைனுக்குத் தசைகளைத் தளர்த்தும் தன்மை உண்டு என்பது இவ்விளக்கத்துக்கு இசைவாக உள்ளது.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் இயேசு சபைத் துறவியர் பட்டையை லிமாவில் இருந்து உரோமுக்குக் கொண்டுவந்தனர். அதனால் 'இயேசு சபையார் பட்டை' என்னும் பெயர் ஏற்பட்டது. சீர்திருத்தக் கிறித்தவ நாடுகளில் இப்பெயரே ஐயத்தை எழுப்பியது. இங்கிலாந்தில் இராபர்ட் தால்பர் என்பவர் தமது மருந்தின் உட்பொருளை வெளியிடாமல் இரண்டாம் சார்லசு மன்னருக்கும், பின்னர் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் மகனுக்கும் மருத்துவம் செய்து பெரும்புகழ் பெற்றார். அவர் இறந்த பின்னர் 1682இல் அம்மருந்து சிங்கோனாப் பட்டையைத் திராட்சை மதுவில் ஊறவைத்தது என்பது வெளியாயிற்று. குயினைன் தூய நீரில் மிகக் குறைவாகவே கரையும். மதுசாரத்தில் நன்கு கரையும். எனவே மதுவில் ஊறவைத்த முறை வேதியியல் அடிப்படையில் பொருத்தமானதே. 1677ஆம் ஆண்டின் இலண்டன் மருந்து நூலில் பட்டை அதிகாரப்பூர்வமாக இடம்பெற்றிருந்தது.

எனினும் ஒரே மருத்துவர் ஒரே அளவில் கொடுத்த பட்டை ஓராண்டு குணமளித்து, மறு ஆண்டு பயனற்றுப் போனது. மரத்தின் இனம், வயது, வளர்ந்த உயரம் ஆகியவற்றால் ஏற்படும் வேறுபாடும், வேறு கசப்புப் பட்டைகளின் கலப்படமும் இதற்குக் காரணங்கள். பட்டை மருந்தா போலியா என்ற சர்ச்சை ஒன்றரை நூற்றாண்டு நீடித்தது. இரு தரப்பாரும் தாம் கண்டதையே கூறினர். கையாண்ட பொருள்தான் ஒன்றாக இருக்கவில்லை.

வேதியியல்

முதன்மை அல்கலாய்டுகள்

1820ஆம் ஆண்டு பாரிசு நகரில் பியேர் யோசேப் பெல்லெத்தியே, யோசேப் பியாநேமே கவாந்து ஆகிய மருந்தாளர்கள் பட்டையில் இருந்து குயினைனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். அவர்கள் இதற்குக் காப்புரிமை பெறாமல் முறையை வெளியிட்டனர். இதற்காகப் பிரெஞ்சு அறிவியல் கழகம் 1827இல் அவர்களுக்கு 10,000 பிராங்கு பரிசு அளித்தது.

குயினைன் மூலக்கூறில் 20 கார்பன், 24 ஐதரசன், 2 நைதரசன், 2 ஆக்சிசன் அணுக்கள் உள்ளன. இதன் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 324 ஆகும். மூலக்கூறு இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று, தட்டையான இரட்டை வளையமாகிய குயினோலின். இதில் ஒரு மெத்தாக்சித் தொகுதி இணைந்துள்ளது. மற்றது, கூடு போன்ற வடிவமுடைய குயினுக்ளிடின். இவ்விரண்டையும் ஐதராக்சில் தொகுதி தாங்கிய ஒரு கார்பன் அணு இணைக்கின்றது.

குயினிடைன், குயினைனின் அதே அணுக்களையும் அதே பிணைப்புகளையும் கொண்டது. இரண்டு கார்பன் அணுக்களைச் சுற்றியுள்ள தொகுதிகள் வெளியில் அமைந்துள்ள முறை மட்டுமே வேறு. ஒளியின் தளத்தைக் குயினைன் இடப்புறமும் குயினிடைன் வலப்புறமும் சுழற்றுகின்றன. சிங்கோனிடைன், சிங்கோனைன் ஆகியன முறையே இவ்விரண்டையும் ஒத்தவை. ஆனால் மெத்தாக்சித் தொகுதி அற்றவை. வடிவ வேறுபாடு சிறிதாயினும் உடலில் விளைவு பெரிது. குயினிடைன் மலேரியா ஒட்டுண்ணியைக் குயினைனை விட வலிமையாகத் தாக்குகின்றது. ஆயினும் இதயத்தின் மீதும் கூடுதலாகச் செயற்படுகின்றது.

இவை தவிரப் பட்டையில் தானின்கள், குயினிக் அமிலம், செந்நிறப் பொருட்கள் முதலியன உள்ளன. இவற்றால் பட்டைக்குத் துவர்ப்பு ஏற்படுகின்றது. அல்கலாய்டுகள் மரத்தைப் பூச்சிகளிடம் இருந்து காக்கும் பணியைச் செய்கின்றன எனக் கருதப்படுகின்றது. மரம் இவற்றைத் திரிப்டோபன் என்னும் அமினோ அமிலத்தைத் தொடக்கப் பொருளாகக் கொண்டு பல படிகளில் உருவாக்குகின்றது.

பிரித்தெடுத்தல்

பட்டையில் அல்கலாய்டுகள் அமிலங்களுடனும் தானின்களுடனும் பிணைந்துள்ளன. உலர்ந்த பட்டையைத் தூளாக்கிச் சுண்ணாம்புடன் கலக்கும்போது அவை விடுபடுகின்றன. பின்னர் எண்ணெய் அல்லது வேறு கரிமக் கரைப்பானால் அவை வடித்தெடுக்கப்படுகின்றன. இக்கரைசலுடன் நீர்த்த கந்தக அமிலத்தைச் சேர்த்தால் அல்கலாய்டுகள் அமில நீருக்கு மாறும். அமிலத்தன்மையை நடுநிலைக்குக் கொண்டுவந்து குளிர்வித்தால் குயினைன் சல்பேட்டு ஊசி போன்ற வெண்படிகங்களாகப் பிரிகின்றது. மற்ற மூன்று அல்கலாய்டுகளின் சல்பேட்டுகள் நீரில் கூடுதலாகக் கரைவதால் அவை கரைசலிலேயே தங்கிவிடுகின்றன.

ஒளிர்தல்

அமிலத்தில் கரைந்த குயினைன் புற ஊதா ஒளியில் நீல நிறமாக ஒளிரும். 1845இல் யோன் எர்ச்செல் இதனை விவரித்தார். யோர்ச்சு இசுட்டோக்சு 1852இல் இதனையும் இதுபோன்ற பிற நிகழ்வுகளையும் விளக்கி அவற்றுக்கு ஒளிர்தல் என்னும் பொருள்படும் பெயரை இட்டார். இன்றும் ஒளிர்வு அளவீட்டில் குயினைன் சல்பேட்டு ஒப்பீட்டுப் பொருளாகப் பயன்படுகின்றது.

செயற்கைத் தொகுப்பு

1856இல் 18 வயது மாணவராக இருந்த வில்லியம் பெர்க்கின் நிலக்கரித் தாரில் இருந்து கிடைக்கும் பொருட்களைக் கொண்டு குயினைனை உருவாக்க முயன்றார். அம்முயற்சி தோல்வியுற்றது. ஆனால் அதன் தொடர்ச்சியாக மாவ் என்னும் ஊதாச் சாயம் கிடைத்துச் செயற்கைச் சாயத் தொழில் பிறந்தது. 1944இல் ஐக்கிய அமெரிக்காவில் இராபர்ட் வுட்வர்டும் வில்லியம் தோரிங்கும் குயினோடாக்சின் என்னும் சேர்மம் வரை தொகுத்தனர். அதனைக் குயினைனாக மாற்றும் வழியைச் செருமானிய வேதியியலாளர் பவுல் இராபே 1918இல் வெளியிட்டிருந்தார். தேவையான வெளி அமைப்பை மட்டுமே தரும் தொகுப்பை 2001இல் கில்பர்ட் இசுட்டார்க்கு குழுவினர் நிறைவேற்றினர். இம்முறைகளுள் எதுவும் வணிக அளவில் பயன்தருவதாக அமையவில்லை. மருந்துக்குரிய குயினைன் இன்றும் மரப்பட்டையில் இருந்தே பெறப்படுகின்றது.

மலேரியா ஒட்டுண்ணியின் மீது செயற்படும் விதம்

மலேரியா ஒட்டுண்ணி மனிதரின் இரத்தச் சிவப்பணுவுக்குள் தங்கி, அங்குள்ள ஈமோகுளோபினைச் செரித்து வளர்கின்றது. இச்செரிமானத்தில் ஈம் என்னும் இரும்பு கொண்ட பொருள் மிஞ்சுகின்றது. தனித்த ஈம் ஒட்டுண்ணிக்கு நஞ்சாகும். எனவே ஒட்டுண்ணி அதனைக் கரையாத படிகமாக மாற்றி ஒதுக்கிவிடுகின்றது. குயினைன் ஈமுடன் இணைந்து இப்படிகமாக்கலைத் தடுக்கின்றது எனவும், அதனால் ஒட்டுண்ணி தன் கழிவாலேயே நஞ்சூட்டப்பட்டு அழிகின்றது எனவும் கருதப்படுகின்றது. செயற்பாட்டின் முழு விளக்கம் இன்னும் நிறுவப்படவில்லை.

குயினைன் இரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணிகளையே கொல்லும். விவாக்சு வகை மலேரியாவில் கல்லீரலில் உறங்கிக் கிடக்கும் நிலைகளை அது அழிப்பதில்லை. இதனால் குயினைன் உண்டு குணமானவருக்குச் சில மாதங்கள் கழித்து மீண்டும் காய்ச்சல் வருவதுண்டு. கல்லீரல் நிலைகளை அழிக்கப் பிரிமாக்குயின் போன்ற வேறு மருந்துகள் தேவை.

பயிரிடல் வரலாறு

அந்தீசு காடுகளில் பட்டைக்காக மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டதால், 19ஆம் நூற்றாண்டில் மரம் அற்றுப்போகும் என்ற அச்சம் எழுந்தது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் படைகளையும் தோட்டங்களையும் நிலைநிறுத்த ஐரோப்பிய அரசுகளுக்குக் குயினைன் இன்றியமையாததாக இருந்தது. பெரு, பொலிவியா முதலிய நாடுகள் விதை வெளிச்செல்வதைத் தடுக்க முயன்றன. எனினும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கன்றுகளையும் விதைகளையும் வெளிக்கொணர்ந்தனர்.

நீலகிரி

1859இல் கிளெமென்ட்சு மார்க்கம் தலைமையில் ஆங்கிலேய அரசு ஒரு குழுவைத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பியது. மார்க்கம் தென் பெருவில் திரட்டிய கலிசாயாக் கன்றுகள் இந்தியாவில் பிழைக்கவில்லை. எக்குவடோரில் தாவரவியலாளர் ரிச்சர்ட் இசுப்புரூசு, இராபர்ட் கிராசு ஆகியோர் திரட்டிய செம்பட்டை மரக் கன்றுகள் 1861இல் உதகமண்டலத்தை நன்னிலையில் வந்தடைந்தன. உதகை அரசுத் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் மெக்கைவர் அவற்றைப் பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் உருவாயின. நடுவட்டத்தில் காட்டைத் திருத்தும் பணியில் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களில் இருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் ஈடுபடுத்தப்பட்டனர்.

மரத்தை வெட்டாமல் பட்டை எடுக்கும் ஒரு முறையை மெக்கைவர் உருவாக்கினார். பட்டையை நெடுக்குவாட்டில் கீற்றுகளாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டுவதே அம்முறை. மூடிய இடத்தில் புதிய பட்டை வளர்ந்தது. அதில் அல்கலாய்டு அளவும் கூடியிருந்தது.

நீலகிரியில் வெற்றிகரமாக வளர்ந்த செம்பட்டை மரத்தில் குயினைன் குறைவு. சிங்கோனிடைன் முதலிய பிற அல்கலாய்டுகள் மிகுதி. குயினைனை மட்டும் பிரித்தெடுத்தால் விலை ஏழைகளுக்கு எட்டாது என்ற நிலையில், மற்ற மூன்றும் காய்ச்சலைத் தீர்க்குமா என்பது முதன்மையான கேள்வி ஆயிற்று. இதற்காக 1866இல் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் ஆய்வுக் குழுக்கள் அமைக்கப்பட்டுக் காய்ச்சல் நோயாளிகளிடம் நான்கு அல்கலாய்டுகளும் தனித்தனியே சோதிக்கப்பட்டன. நான்கும் பயன் தருகின்றன என்று முடிவாயிற்று. ஒரு தாவரத்தின் வெவ்வேறு வேதிப்பொருட்களை ஒப்பிட்ட தொடக்க கால மருத்துவச் சோதனைகளுள் இது குறிப்பிடத்தக்கது. இதன் பின்னர் டார்ஜிலிங் அருகே மங்பூவில், எல்லா அல்கலாய்டுகளும் கலந்த மலிவான 'சிங்கோனா சுரநீக்கி' தயாரிக்கப்பட்டது. 1890களில் வங்காளத்தில் குயினைன் சிறு பொட்டலங்களாக அஞ்சலகங்கள் வழி விற்கப்பட்டது.

இலங்கை

இலங்கையில் 1861இல் நுவரெலியா அருகே அக்கலைத் தோட்டம் சிங்கோனாவுக்காகவே நிறுவப்பட்டது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் காப்பித் தோட்டங்கள் அழிந்தபோது தோட்டக்காரர்கள் பலர் சிங்கோனாவை நட்டனர். தமிழகத்தில் இருந்து காப்பித் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரே இப்புதிய தோட்டங்களிலும் உழைத்தனர். 1880களில் இலங்கைப் பட்டை பெருமளவில் இலண்டன் சந்தைக்குச் சென்றதால் விலை வீழ்ந்தது. மரங்கள் வேரோடு பிடுங்கப்பட்டு, அந்நிலங்களில் தேயிலை நடப்பட்டது.

ஜாவா

ஒல்லாந்தர் 1850களில் ஜாவாவில் பெருந்தொகையாக வளர்த்த பகுடியானா என்னும் வகையில் குயினைன் மிகக் குறைவு என்பது பட்டையைச் சோதித்த பின்னரே தெரியவந்தது. இந்நிலையை ஒரு பொதி விதை மாற்றியது. பொலிவியாவின் பழங்குடியினரான மானுவேல் இன்க்ரா மமானி, மிகு குயினைன் உள்ள மரங்களை அடையாளம் காண்பதில் தேர்ந்தவர். அவர் திரட்டிய விதைகளை அவருடைய முதலாளியான ஆங்கிலேய வணிகர் சார்லசு லெட்ஜர் 1865இல் இலண்டனுக்கு அனுப்பினார். ஆங்கிலேய அரசு அவற்றை வாங்க மறுத்தது. ஒல்லாந்து அரசு ஒரு இறாத்தல் அளவு வாங்கியது. எஞ்சியவற்றை நீலகிரித் தோட்டக்காரர் ஒருவர் வாங்கினார்.

ஜாவாவில் முளைத்த கன்றுகள் வளர்ந்த பின் 1872இல் பட்டையைச் சோதித்தபோது குயினைன் அளவு 8 முதல் 13 விழுக்காடு வரை இருந்தது. உயர்ந்த மரங்கள் தெரிந்தெடுக்கப்பட்டு, உறுதியான செம்பட்டை மரத்தின் அடிக்கன்றுகளில் ஒட்டுக் கட்டப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகக் குயினைனின் மிகப் பெரும்பகுதி ஜாவாவில் இருந்தே வந்தது. மமானி மீண்டும் விதை திரட்டச் சென்றபோது பிடிபட்டுச் சிறையில் அடிக்கப்பட்டு, அதன் விளைவாக இறந்தார்.

1942இல் சப்பானியர் ஜாவாவைக் கைப்பற்றியதும் நேச நாடுகளுக்குக் குயினைன் வரத்து நின்றது. மெப்பாக்கிரின், குளோரோகுயின் முதலிய செயற்கை மருந்துகளின் வளர்ச்சியை இது விரைவுபடுத்தியது. 1934இல் செருமனியில் உருவாக்கப்பட்ட குளோரோகுயின், குயினைனில் உள்ள அதே குயினோலின் வளையத்தைக் கொண்டது.

மருத்துவப் பயன்கள்

மலேரியா

இரண்டாம் உலகப் போருக்குப் பின் குளோரோகுயின் முதலிடம் பெற்றதால் குயினைன் பின்தள்ளப்பட்டது. 1950களின் இறுதியில் குளோரோகுயினுக்கு அடங்காத பால்சிப்பாரம் ஒட்டுண்ணிகள் தோன்றிப் பரவியபோது கடும் மலேரியாவுக்குக் குயினைன் மீண்டும் முதன்மை மருந்து ஆயிற்று. இந்நிலை 21ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது.

வங்காளதேசம், இந்தியா, இந்தோனேசியா, மியன்மார் நாடுகளில் 1,461 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில், குயினைன் ஊசி பெற்றவர்களுள் 22 விழுக்காட்டினரும் ஆர்ட்டெசுனேட்டு ஊசி பெற்றவர்களுள் 15 விழுக்காட்டினரும் இறந்தனர். ஆப்பிரிக்காவில் 5,425 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில் இறப்பு முறையே 10.9, 8.5 விழுக்காடு ஆகும். ஆர்ட்டெசுனேட்டு, சீன மருத்துவத்தில் பயன்பட்ட ஒரு மாசிபத்திரி இனச் செடியின் ஆர்ட்டெமிசினினில் இருந்து உருவாக்கப்படுவது. இவ்வாய்வுகளுக்குப் பின் உலக சுகாதார அமைப்பு கடும் மலேரியாவுக்கு ஆர்ட்டெசுனேட்டையே பரிந்துரைக்கின்றது. அது கிடைக்காத இடங்களில் குயினைன் மாற்று மருந்தாகப் பயன்படுகின்றது. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் நீண்ட காலம் குயினைனுடன் கிளிண்டமைசின் கொடுக்கப்பட்டு வந்தது; 2022 முதல் ஆர்ட்டெமெத்தர்-லூமிபாண்டிரின் கூட்டு மருந்து அந்நிலையிலும் பரிந்துரைக்கப்படுகின்றது.

பிற பயன்கள்

- பபேசியா நோய்: உண்ணிகளால் பரவும் இந்நோய்க்குக் குயினைன், கிளிண்டமைசின் கூட்டாகக் கொடுக்கப்படுவதுண்டு.
- இதயத் துடிப்பு ஒழுங்கின்மை: குயினிடைன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பயன்பட்டு வந்தது. இன்று அரிய சில நிலைகளில் மட்டுமே பயன்படுகின்றது.
- கால் தசைப்பிடிப்பு: இரவில் ஏற்படும் தசைப்பிடிப்புக்குப் பல நாடுகளில் குயினைன் கொடுக்கப்பட்டது. கடும் பக்க விளைவுகள் காரணமாக ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் இப்பயன்பாட்டுக்கு எதிராக எச்சரித்துள்ளது.
- பானங்கள்: டானிக் நீர் எனப்படும் பானத்தின் கசப்புக்குக் குயினைனே காரணம். ஐக்கிய அமெரிக்காவில் இதன் உச்ச வரம்பு பத்து இலட்சத்தில் 83 பங்கு, அதாவது ஒரு லிட்டரில் ஏறத்தாழ 83 மில்லிகிராம் ஆகும். இது மருத்துவ அளவை விட மிகக் குறைவு என்பதால் இப்பானம் மலேரியாவுக்கு மருந்தாகாது.
- வேதித் தொழில்: சிங்கோனா அல்கலாய்டுகளின் வழிப்பொருட்கள் இடம், வலம் என இருவடிவில் அமையும் மூலக்கூறுகளுள் ஒரு வடிவத்தை மட்டும் உருவாக்க உதவும் வினையூக்கிகளில் பயன்படுகின்றன. 2001இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற பாரி சார்ப்லெசின் முறைகளுள் ஒன்று இத்தகையது.

ஓமியோபதி மருத்துவ முறையைத் தோற்றுவித்த சாமுவேல் ஆனிமன், 1790இல் சிங்கோனாப் பட்டையைத் தாமே உண்டு, தமக்குக் காய்ச்சலை ஒத்த குறிகள் தோன்றியதாக எழுதினார். இதிலிருந்தே தமது கொள்கையை அவர் வகுத்தார்.

அளவும் நச்சுத்தன்மையும்

வளர்ந்தோருக்கு மலேரியாவில் குயினைன் சல்பேட்டு பொதுவாக ஒரு வேளைக்கு 600 மில்லிகிராம் அளவில் எட்டு மணிக்கு ஒருமுறை, 7 நாட்கள் கொடுக்கப்படுகின்றது. நோயைத் தீர்க்கும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. 1 விழுக்காடு குயினைன் உள்ள பட்டையின் 10 கிராம் தூளில் 100 மில்லிகிராம் குயினைனே இருக்கும். 8 விழுக்காடு உள்ள பட்டையின் அதே 10 கிராமில் 800 மில்லிகிராம் இருக்கும். முதலாவது காய்ச்சலைத் தீர்க்காது. இரண்டாவதை நாளுக்கு மூன்று முறை உண்டால் வழக்கமான அளவை மிஞ்சும். கண்ணாலோ கசப்பாலோ இவ்வேறுபாட்டைத் துல்லியமாக அறிய இயலாது. எனவே பட்டைத் தூளையோ கசாயத்தையோ கொண்டு மலேரியாவுக்குத் தாமே மருத்துவம் செய்துகொள்வது ஆபத்தானது. பால்சிப்பாரம் மலேரியாவில் ஓரிரு நாள் தாமதமும் உயிரிழப்பில் முடியலாம்.

குயினைன் உண்போரிடம் காதிரைச்சல், கேட்கும் திறன் குறைதல், தலைவலி, குமட்டல், பார்வை மங்கல் ஆகியன தோன்றுவது வழக்கம். இத்தொகுதி சிங்கோனிசம் எனப்படும். மருந்தை நிறுத்தினால் இது பெரும்பாலும் நீங்கிவிடும். கடுமையான விளைவுகள் பின்வருமாறு:

- இரத்தச் சர்க்கரை குறைதல்: குயினைன் இன்சுலின் சுரப்பைத் தூண்டுகின்றது. கருவுற்ற பெண்களிடம் இது மிகுதியாகக் காணப்படும்.
- இதயத் துடிப்பு ஒழுங்கின்மை: ஊசி வழி விரைவாகச் செலுத்தினால் ஆபத்து கூடும், எனவே சிரை வழி மெதுவாகவே செலுத்தப்படுகின்றது.
- குருதித் தட்டுகள் குறைதல்: சிலரிடம் ஒவ்வாமையால் மிகச் சிறிய அளவிலும் ஏற்படலாம்.
- கருநீர்க் காய்ச்சல்: சிவப்பணுக்கள் பெருமளவில் சிதைந்து சிறுநீர் கருமையாகும் நிலை. பால்சிப்பாரம் மலேரியாவுக்கு ஒழுங்கின்றிக் குயினைன் உண்டோரிடம் முன்னர் மிகுதியாகக் காணப்பட்டது.
- பார்வை இழப்பு: மிகை அளவு உட்கொண்டோரிடம் ஏற்படும், சிலரிடம் நிலைத்துவிடும்.

கருக்கலைப்பு நோக்கத்துடன் மிகை அளவு குயினைன் உண்ட பெண்கள் பார்வை இழந்ததும் இறந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

இன்றைய நிலை

குயினைன் பட்டை இன்று காங்கோ மக்களாட்சிக் குடியரசின் கிழக்குப் பகுதி, இந்தோனேசியா முதலிய இடங்களில் பயிரிடப்படுகின்றது. மரம் பொதுவாக ஆறு ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்த பின்னரே பட்டை எடுக்கப்படுகின்றது. நீலகிரியில் பழைய தோட்டங்களின் எச்சமாகச் சிங்கோனா மரங்களை இன்றும் காணலாம். அந்நிலங்களின் பெரும்பகுதி தேயிலைக்கு மாறிவிட்டது.

1825 முதல் பெரு நாட்டின் அரசுச் சின்னத்தில் சிங்கோனா மரம் இடம்பெற்றுள்ளது. ஆயினும் பட்டைக்காக வெட்டப்பட்டதாலும், காடுகள் வேளாண் நிலங்களாக மாறியதாலும் அந்நாட்டிலேயே இயற்கையாக வளரும் மரங்கள் அருகிவிட்டன. இதற்கு மாறாக, கலாபகசுத் தீவுகளிலும் அவாயிலும் பயிரிடக் கொண்டுசெல்லப்பட்ட செம்பட்டை மரம் கட்டுக்கடங்காமல் பரவி, அங்குள்ள இயல்தாவரங்களை நெருக்கும் ஆக்கிரமிப்பு இனமாகக் கருதப்பட்டு அகற்றப்பட்டு வருகின்றது.